ஹியூஜ் வைக்கலாமா, லார்ஜ் போதுமா? டோட்டல் வார் விளையாட்டில் யூனிட் அளவு தரும் தொல்லைகள், அறிகுறி வாரியாக

நாடு பிடித்துப் படை நடத்தும் கணினி விளையாட்டுகளான டோட்டல் வார் வரிசையின் அமைப்புப் பக்கத்தில் ‘யூனிட் அளவு’ என்றொரு வரி உண்டு. ஓர் அணியில் எத்தனை வீரர்கள் என்பதை முடிவு செய்வது அது. ஸ்மால், நார்மல், லார்ஜ், ஹியூஜ் என நான்கு படிகள். பிந்தைய விளையாட்டுகளில் கடைசிப் படிக்கு அல்ட்ரா என்று பெயர். நிழல், தண்ணீர், புல் ஆகியவற்றின் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் வரிகளுக்கு நடுவே இது உட்கார்ந்திருப்பதால், படத்தின் அழகைக் கூட்டும் இன்னொரு பொத்தான் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கணினி கொஞ்சம் நல்லதாக இருந்தால் உடனே கடைசிப் படிக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிறகு தொல்லை வந்ததும் பழி கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுகிறது.

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகளின் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணா, புது கிராபிக்ஸ் கார்டு போட்டால் ஹியூஜ் ஓடுமா?” பல நேரங்களில் பதில், ஓடாது. யூனிட் அளவு என்பது விளையாட்டின் விதியை மாற்றும் அமைப்பு. பிராசஸரின் முதுகில் சுமையேற்றும் அமைப்பு. கிராபிக்ஸ் கார்டுக்கும் அதற்கும் உறவு உண்டு என்றாலும் அது இரண்டாம் பட்சம். எனவே காசு செலவழிக்கும் முன், தொல்லை எந்த வடிவில் வருகிறது என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2004இல் வந்த ரோம், 2006இல் வந்த மெடீவல் 2, 2013இல் வந்த ரோம் 2 ஆகியவற்றிலிருந்து. இந்தப் பகுதி வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை அவைதான்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை

போர் உச்சத்தில் இருக்கும்போது, படம் திக்கித் திணறும் அந்த நேரத்தில், போரை நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். வீரர்கள் ஓங்கிய வாளோடு அப்படியே உறைந்து நிற்பார்கள். ஆனால் கேமராவை நகர்த்த முடியும். மெதுவாகக் களத்தைச் சுற்றி வாருங்கள்.

நிறுத்திய நிலையில் கேமரா வழுக்கிக்கொண்டு போகிறது, ஓடவிட்டதும் மறுபடி திக்குகிறது என்றால், குற்றவாளி பிராசஸர். நிறுத்தியபோது வீரர்களுக்கான கணக்குகள் நின்றுவிட்டன. படம் வரையும் வேலை மட்டும் நடந்தது. அதில் சிக்கல் இல்லை. இந்த நிலையில் யூனிட் அளவைக் குறைத்தால் பலன் தெரியும். நிழலை அணைத்துப் பலன் இல்லை.

நிறுத்திய பிறகும் கேமரா திக்குகிறது என்றால் அது வரையும் வேலையில் உள்ள சிக்கல். தரையோடு தரையாகக் கேமராவை இறக்கிக் கூட்டத்துக்கு நடுவே வைத்தால் மோசமாகி, வானத்துக்கு ஏற்றினால் சரியாகிறதா என்றும் பாருங்கள். ஆகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். நிழல், வீரர்களின் நுணுக்கம், விளிம்பு மழுப்பும் அமைப்பு ஆகியவற்றை முதலில் குறையுங்கள். யூனிட் அளவைக் கடைசியாகத் தொடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் ஒரே ஒரு ரேம் துண்டு மட்டும் இருந்தால், அதே வகையில் இன்னொன்று போடுவது நல்ல வைத்தியம். உள்ளிணைந்த கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. இரண்டு துண்டுகள் இருந்தால் அதற்குப் பாதை அகலமாகிறது.

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் எதையும் வாங்க வேண்டாம். கடைக்காரனே சொல்கிறேன்.

அறிகுறி: அணிவகுப்பு வரை சரி, படைகள் மோதியதும் திணறுகிறது

இது அசல் யூனிட் அளவு நோய். ரோம் விளையாட்டில் ஹஸ்டாட்டி என்ற காலாட்படை அணியை எடுத்துக்கொள்வோம். நார்மலில் 40 பேர், லார்ஜில் 80, ஹியூஜில் 160. ஒரு படையில் 20 அணிகள் வரை வைக்கலாம். அப்படியானால் நார்மலில் ஒரு பக்கத்துக்கு 800 பேர், இரு பக்கமும் சேர்த்து 1,600. ஹியூஜில் அதே கணக்கு 6,400 ஆகிவிடும். எதிரிக்குத் துணைப்படை ஒன்று வந்து சேர்ந்தால் இன்னும் ஏறும்.

நடந்துகொண்டிருக்கும்வரை அணி ஒன்றாக நகரும்; கணக்கு எளிது. மோதிய நொடியில் ஒவ்வொரு வீரனும் தனி ஆள் ஆகிவிடுகிறான். தன் எதிராளி யார், அவன் எட்டும் தூரத்தில் இருக்கிறானா, பக்கத்தில் நிற்பவன் மேல் இடிக்கிறோமா, அடி பட்டதா, விழுந்தவன் உடல் எங்கே என்று ஆளுக்கு ஆள் கணக்கு. பழைய விளையாட்டுகள் இந்த வேலையில் பெரும்பகுதியைப் பிராசஸரின் ஒரே கோர் மீது ஏற்றிவிடும். எட்டு கோர் இருந்தாலும் ஏழு கை கட்டி வேடிக்கை பார்க்கும். அதனால்தான் புத்தம்புது இயந்திரத்தில்கூட 2006இன் மெடீவல் 2 ஹியூஜில் திணறுகிறது. பிராசஸர் வாங்கும்போது கோர்களின் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகமே இந்த விளையாட்டுகளுக்கு முக்கியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தீர்வு ஒரு படி இறக்குவது. இரண்டு படி இறக்க வேண்டிய அவசியம் அரிது. ஆனால் கேம்பெயினை, அதாவது ஊர்களை வளர்த்து நாடு பிடிக்கும் நீண்ட ஆட்டத்தை, தொடங்கிவிட்டு இதைச் சோதிக்காதீர்கள். முதன்மைப் பக்கத்தில் உள்ள தனிப் போர்ப் பகுதிக்குப் போய், இரு பக்கமும் 20 அணிகள் நிறைத்து, சமவெளியில் ஒரு முறையும் கோட்டை முற்றுகையில் ஒரு முறையும் ஓடவிட்டுப் பாருங்கள். முற்றுகையில் ஓடுவதுதான் உண்மையான அளவு. சமவெளியில் ஹியூஜ் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து ஏமாந்து கேம்பெயின் தொடங்கினால், கார்த்தேஜ் மதிலடியில் நின்று வருந்த நேரிடும்.

அறிகுறி: முதல் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்லச் சோர்கிறது

இதற்கும் யூனிட் அளவுக்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் நேரடியாக இல்லை. பெரிய அணி வைத்தால் போர் நீளும், நீண்ட போர் முழுவதும் பிராசஸர் முழு மூச்சில் ஓடும், சூடேறும், ஓர் அளவைத் தாண்டியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. சிமென்ட் ஓடு வேய்ந்த மாடி அறையில், கடற்காற்று இறங்குவதற்கு முன், மதியம் இரண்டு மணிக்கு முற்றுகை நடத்தினால் எந்த இயந்திரமும் சோர்ந்துபோகும்.

வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் பின்னணியில் ஓடவிடுங்கள். 90 டிகிரியைத் தாண்டி நிற்கிறது, அந்த நேரத்தில் பிராசஸரின் வேகம் சரிகிறது என்றால் நோய் இதுதான். மின்விசிறியைக் கழற்றி அதற்கும் வெப்பம் கடத்தும் தகடுகளுக்கும் இடையே பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளிலிருந்து வரும் இயந்திரங்களில் அங்கே சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம் இருக்கும். லாரிப் புழுதி, துணிநார், கடற்காற்றின் ஈரம் மூன்றும் சேர்ந்து இறுகியது. ஊதினால் போகாது. காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷின் முனையால் ஓரத்தில் நெம்பினால் முழுத் தகடாக, விரல் நீளத்துக்கு உரிந்து வரும். அதை எடுத்துவிட்டு, பிராசஸரின் மேல் காய்ந்து பொருக்காகிப் போன, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவினால், பல இயந்திரங்களில் குறைத்த படியை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இதைச் செய்வதற்கு முன் யூனிட் அளவைக் குறைத்துக்கொண்டு திருப்திப்படுவது, காய்ச்சலுக்குப் போர்வையை மாற்றுவது மாதிரி.

மடிக்கணினியைப் படுக்கையிலோ தலையணையிலோ வைத்து விளையாடாதீர்கள். அடிப்பக்கத் துளைகள் அடைபடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு விளையாடினால் மடிக்கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதுவும் அச்சு அசல் இதே அறிகுறியைக் காட்டும். பதினைந்து நிமிடம் காத்திருக்காமல் உடனே காட்டும் என்பதுதான் வேறுபாடு.

அறிகுறி: பெரிய போர்களில் மட்டும் விளையாட்டு தானாக மூடிக்கொள்கிறது

சிறு போர்கள் நடக்கின்றன. இரண்டு மூன்று படைகள் சேரும் போர் என்றால் மேசைத்திரைக்குத் தூக்கி எறிந்துவிடுகிறது. இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, பழைய விளையாட்டுகள் 32 பிட் நிரல்கள். இயல்பான நிலையில் அவற்றால் 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் தொட முடியாது. அதற்கென்று குறியிட்டிருந்தால் 64 பிட் விண்டோஸில் 4 ஜிபி வரை போகும். உங்கள் இயந்திரத்தில் 16 ஜிபி இருக்கிறதா, 32 ஜிபி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. மெடீவல் 2இன் மேல் பெரிய மாட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) ஏதாவது ஏற்றி, யூனிட் அளவை ஹியூஜ் வைத்து, வீரர்களின் தோற்ற நுணுக்கத்தையும் உச்சத்தில் வைத்தால் அந்த எல்லை மிக எளிதில் உடைகிறது. இந்த இடத்தில் தோற்ற நுணுக்கத்தை முதலில் குறையுங்கள். நினைவகத்தை அதிகம் விழுங்குவது தலைகளின் எண்ணிக்கையைவிட அவர்கள் உடுத்தியிருக்கும் படங்கள்தான்.

இரண்டாவது காரணம் நம் கடற்கரைக்கே உரியது. காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்கள் பக்கமிருந்து வரும் மேசைக் கணினிகளில் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிக் கறுத்திருக்கும். சிலவற்றில் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. சின்ன வேலைக்கு அது தெரியாது. நினைவகம் நிறையும் வேலைக்குத்தான் தெரியும். ஆகவே பெரிய போர் மட்டும் சாகிறது. மின்சாரத்தை அணைத்து, ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்து, உதிர்ந்த துகளைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். விண்டோஸிலேயே நினைவகச் சோதனை ஒன்று இருக்கிறது; அதை ஓடவிட்டுப் பிழை காட்டுகிறதா என்றும் பாருங்கள். காட்டினால் அந்த ரேம் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: ஊரில் ஆள் இல்லை, படை திரட்ட முடியவில்லை

இது ரோம் முதல் விளையாட்டுக்கும், 2021இல் புதுப்பிக்கப்பட்டு வந்த அதன் பதிப்புக்கும் உரியது. எனக்குப் பிடித்த தொல்லையும் இதுதான். காரணம், இயந்திரம் முற்றிலும் நலமாக இருக்கும்போதே வருகிறது.

ரோமில் நீங்கள் திரட்டும் ஒவ்வொரு வீரனும் அந்த ஊரின் மக்கள்தொகையிலிருந்து கழிக்கப்படுகிறான். 160 பேர் கொண்ட ஹஸ்டாட்டி அணி திரண்டால் ஊரில் 160 தலை குறையும். போரில் இழந்தவர்களை ஈடுகட்ட அணியை மறுபடி நிரப்பினாலும் அப்படியே. ஆனால் அணிக்கான விலையும் பராமரிப்புச் செலவும் யூனிட் அளவைப் பொறுத்து மாறுவதில்லை. ஆக, ஹியூஜில் உங்கள் கஜானா அதே கஜானாதான், ஊர் மட்டும் நான்கு மடங்கு வேகமாகக் காலியாகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 1,000 பேர். வளர்ச்சி ஒரு முறைக்கு (ஒரு டர்னுக்கு) 2 சதவீதம். முறைக்கு 20 பேர் கூடுகிறார்கள். நார்மலில் 40 பேர் அணி ஒன்று திரட்டினால் அந்தப் பள்ளம் இரண்டு முறையில் தூர்ந்துவிடும். ஹியூஜில் 160 பேர். அந்தப் பள்ளம் தூர்ந்துபோக ஏறக்குறைய எட்டு முறை ஆகும். ரோமில் ஆண்டுக்கு இரண்டு முறை என்பதால் நான்கு ஆண்டுகள். ஓர் அணிக்கு நான்கு ஆண்டுகள்! குடியானவர் அணி இன்னும் மோசம்: ஹியூஜில் 240 பேர். 400 பேருக்குக் கீழே ஊரைக் கரைக்க விளையாட்டு விடாது என்பதால், சிற்றூர்களில் திரட்டும் பொத்தானே செத்துப்போகிறது.

இதோடு இன்னொரு சங்கிலி. ஊர் அடுத்த நிலைக்கு உயர 2,000, பிறகு 6,000, 12,000, 24,000 என்று மக்கள்தொகை வரம்புகள் உள்ளன. உயர்ந்தால்தான் நல்ல கட்டடங்கள், நல்ல படைகள். 1,900 பேர் இருக்கும் ஊரில் அவசரப்பட்டு இரண்டு அணி திரட்டினால் ஊரின் உயர்வு பல ஆண்டுகள் தள்ளிப்போகும். கணினி ஆடும் நாடுகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது. அவை ஊரை வழித்து வழித்துப் படை திரட்டி, ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் மண்குடிசையும் குடியானவப் படையுமாக உட்கார்ந்திருக்கும். ‘எதிரிகள் வளரவே மாட்டேன் என்கிறார்கள், விளையாட்டு சப்பென்று இருக்கிறது’ என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, யூனிட் அளவு என்ன என்பதுதான். பெரும்பாலும் ஹியூஜ்.

அப்படியானால் ஹியூஜே தவறா? அவசரப்பட வேண்டாம். விளையாட்டின் பிற்பகுதியில் பெருநகரங்களில் நேர் எதிரான நோய் வருகிறது. மக்கள் பெருகி, அழுக்கும் நெரிசலும் ஏறி, கலகம் வெடிக்கும். அங்கே ஹியூஜ் ஒரு மருந்து. நெரிசலான நகரில் குடியானவர்களை வரிசையாகத் திரட்டுங்கள். அவர்களை நடத்திக்கொண்டு போய், ஆளில்லாத சிற்றூரில் விட்டுக் கலைத்துவிடுங்கள். கலைந்தவர்கள் அந்த ஊர் மக்களாகிவிடுவார்கள். அணிக்கு 240 பேர் என்றால் ஒரு படையில் ஓர் ஊரையே குடியேற்றிவிடலாம். பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்தவர்களால் நிறைந்த வடசென்னையில் இருந்துகொண்டு இதைச் செய்யும்போது ஒரு தனிச் சுவை.

என் தீர்ப்பு: எகிப்து, செலூசிட் போல நல்ல நகரங்களோடு தொடங்கும் நாடு என்றால் ஹியூஜ் தாங்கும். ஜெர்மானியர் போலச் சிற்றூர்களோடு தொடங்கினால் லார்ஜைத் தாண்டாதீர்கள். ரோமானியக் குடும்பங்களுக்கும் நான் லார்ஜ்தான் சொல்வேன்.

மெடீவல் 2இல் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே வீரர்கள் ஊர் மக்களிலிருந்து கழிவதில்லை. கட்டடத்தைப் பொறுத்து அணிகள் ஒரு தொட்டியில் ஊறுவதுபோல் ஊறும். ரோம் 2இலும் அப்படிக் கழிவதில்லை. அந்த இரண்டிலும் யூனிட் அளவை இயந்திரத்தின் வலுவையும் உங்கள் பொறுமையையும் வைத்து மட்டும் முடிவு செய்யலாம்.

அறிகுறி: கோட்டை வாசலில் படை சிக்கிக்கொள்கிறது

சமவெளியில் சொன்னபடி கேட்கும் அணி, மதிலை நெருங்கியதும் பாதி உள்ளே பாதி வெளியே என்று நின்றுவிடும். சிலர் வந்த வழியே திரும்புவார்கள். ஏணியில் ஒருவர் பின் ஒருவராக 160 பேர் ஏறி முடிப்பதற்குள் மேலே ஏறிய முதல் பத்துப் பேர் செத்திருப்பார்கள். அணி பெருத்தாலும் வாசலின் அகலமோ ஏணியின் எண்ணிக்கையோ பெருப்பதில்லை என்பதே காரணம்.

ஒரே வாசலுக்கு ஒரே நேரத்தில் ஓர் அணிக்கு மேல் அனுப்பாதீர்கள். முன்னால் போன அணி உள்ளே சதுக்கம் பக்கம் நகர்ந்து, வாசல் காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்ததை அனுப்புங்கள். மதிலில் இரண்டு மூன்று இடங்களில் ஓட்டை போடுவது, ஒரே வாசலை உடைப்பதைவிட எப்போதும் மேல். அணிகளை அகலமாக விரித்து நிறுத்தி உள்ளே போகச் சொன்னால் ஓரத்தில் நிற்பவர்கள் மதிலில் முட்டிக்கொண்டு வழி தேடுவார்கள். எனவே முதலில் ஒடுக்கமாக, ஆழமாக நிறுத்திவிட்டு நகர்த்துங்கள். பாலப் போர்களுக்கும் இதே மருந்து.

இன்னொன்றும் இருக்கிறது. கோட்டைக் கோபுரங்கள் எய்யும் அம்புகள் யூனிட் அளவைப் பொறுத்துப் பெருகுவதில்லை. ஹியூஜில் 160 பேர் அணிக்கு அது கொசுக்கடி; ஸ்மாலில் 20 பேர் அணிக்கு அதுவே எமன். முற்றுகை மிக எளிதாக இருக்கிறது அல்லது மிகக் கொடூரமாக இருக்கிறது என்று தோன்றினால், கடின நிலையைத் தொடுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

அறிகுறி: அணிவகுப்பு வரைபடத்துக்குள் அடங்கவில்லை, திரும்பச் சொன்னால் திரும்பவில்லை

40 பேரை நான்கு வரிசை ஆழத்தில் நிறுத்தினால் முகப்பு பத்துப் பேர். அதே ஆழத்தில் 160 பேர் என்றால் முகப்பு நாற்பது. அப்படிப் பத்து அணிகளை ஒட்டி நிறுத்தினால் நானூறு பேர் நீளம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கேமரா போவதற்குள் அங்கே சண்டை முடிந்திருக்கும். அணியின் மூலையில் நிற்பவன் திரும்பி வர வேண்டிய தூரமும் நான்கு மடங்கு. அதனால்தான் திரும்பச் சொன்னால் கூட்டம் கலைந்து, அலைந்து, பிறகு சேர்கிறது.

ஹியூஜில் எட்டு வரிசை ஆழம் வையுங்கள். முகப்பு இருபதாகச் சுருங்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நார்மலில் நாலில் ஒரு பங்கு வீரர்கள் முன்வரிசையில் சண்டையிடுகிறார்கள். எட்டு வரிசையில் எட்டில் ஒரு பங்குதான். மற்றவர்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். அணி கரைய நேரம் பிடிக்கும். மனம் உடைந்து ஓடவும் நேரம் பிடிக்கும். அதாவது சண்டை இழுபடும். அந்த இழுபறிக்குள் குதிரைப்படையைச் சுற்றி அனுப்பிப் பின்புறம் தாக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. சூழ்ச்சி செய்து ஆட விரும்புகிறவர்களுக்குப் பெரிய அணியின் உண்மையான லாபம் இதுதான்.

அறிகுறி: சண்டை தொடங்கியதும் முடிந்துவிடுகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். ஸ்மாலில் ஓர் அம்பு மழை, ஒரு குதிரைப் பாய்ச்சல், அணி சிதறி ஓட்டம். இழப்பின் விகிதம் சட்டென்று ஏறுவதால் மன உறுதி உடைகிறது. வேறு எந்தப் பழுதும் இல்லை. ஒரு படி ஏற்றுங்கள். வரையும் வேலையில்தான் இயந்திரம் மறுக்கிறது என்றால் நிழலையும் புல்லையும் பலி கொடுத்து ஏற்றுங்கள். ஸ்மாலில் அழகான புல்லைப் பார்ப்பதைவிட லார்ஜில் மொட்டைத் தரையில் சண்டையிடுவது எவ்வளவோ மேல்.

‘எது வரலாற்றுக்கு நெருக்கம்’ என்று கேட்பவர்களுக்கு

இது பழுது இல்லை, ஆனாலும் மேசைக்கு அடிக்கடி வரும் கேள்வி. ஹியூஜ்தான் உண்மை வரலாறு என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ரோமானியப் பேரரசுக் காலத்தின் செஞ்சுரி என்ற பிரிவில் 80 பேர் இருந்தார்கள். லார்ஜில் வரும் அணிக்குச் சரியாகப் பொருந்துகிறது. அப்படி ஆறு சேர்ந்த கோஹார்ட் 480 பேர். அதற்கு ஹியூஜே போதாது. அதற்கு முந்தைய காலத்தில், கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரிக்கும் படையில், ஹஸ்டாட்டிகளின் மானிப்பிள் என்ற பிரிவு ஒவ்வொன்றிலும் 120 பேர். அது லார்ஜுக்கும் ஹியூஜுக்கும் நடுவில் விழுகிறது. மாசிடோனிய ஈட்டிப் படையின் சின்டக்மா என்ற பிரிவு 16 வரிசை, வரிசைக்கு 16 பேர், ஆக 256. ஹியூஜில் வரும் 240 பேர் ஈட்டி அணி அதற்கு மிக அருகில். எனவே கிரேக்கப் பக்கம் ஆடினால் ஹியூஜுக்கு ஒரு நியாயம் உண்டு. ரோமானியர்க்கு லார்ஜே சரி.

நம் பக்கத்துக் கணக்கைக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பாரதக் கதையின் அக்குரோணி ஒன்றுக்குத் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. ஹியூஜில் 20 அணி நிறைந்த படை 3,200 பேர். காலாளை மட்டும் எடுத்தாலே 34 படைகளுக்கு மேல் தேவை. குருச்சேத்திரத்தில் இப்படிப் பதினெட்டு அக்குரோணி. இதற்கான பிராசஸர் ரிச்சி தெருவில் இன்னும் வரவில்லை. ஆனால் விகிதத்தை ஆடிப் பார்க்கலாம்: தேர் ஒன்று, யானை ஒன்று, குதிரை மூன்று, காலாள் ஐந்து. இரண்டிரண்டாக வைத்தால் இருபது அணிப் படை அப்படியே நிறைகிறது. தேரும் யானையும் சேர்ந்து கிடைக்கும் நாடு வேண்டும் என்பதால், தனிப் போரில் மட்டும் முயன்று பாருங்கள். யானை மிரண்டால் முதலில் நசுங்குவது உங்கள் காலாட்படைதான்.

அறிகுறி: போரின் நடுவே மின்சாரம் போய், எல்லாம் போயிற்று

இந்த விளையாட்டுகளில் தரைப்போர் நடக்கும்போது இடையில் சேமிக்க முடியாது. ஹியூஜ் முற்றுகை ஒன்று முக்கால் மணி நேரம் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி இடித்ததும் மின்சாரம் போகும் தெருவில் குடியிருந்து, யுபிஎஸ்ஸும் இல்லாமல், முக்கால் மணி நேரப் போருக்குள் இறங்குவது துணிச்சல்தான். போர்க்களத்துக்குள் நுழையும் முன் கைப்படச் சேமியுங்கள். தானியங்கிச் சேமிப்பை நம்பாதீர்கள். யுபிஎஸ் மின்கலம் பத்து நிமிடம்தான் தாங்கும் என்றால், மழைக்காலம் முழுவதற்கும் நார்மலில் ஒரு தனிக் கேம்பெயின் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்து வரும்.

அறிகுறி: அமைப்பை மாற்றியும் அணிகளின் அளவு மாறவில்லை

ரோமில் கேம்பெயின் தொடங்கும்போது எந்த அளவோ அதுவே கடைசிவரை. நூறு முறை ஆடி முடித்த பின் அமைப்புப் பக்கத்தில் எதை மாற்றினாலும் அந்தச் சேமிப்புக்குள் அது எட்டாது. புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழியில்லை. விளையாட்டை அழித்து மறுபடி நிறுவினால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது, அளவு சேமிப்புக் கோப்போடு ஒட்டியது. ஆகவே தனிப் போரில் முற்றுகைச் சோதனை, வெப்பநிலைச் சோதனை, நாட்டின் தொடக்க ஊர்கள் எவ்வளவு பெரியவை என்ற பார்வை, இந்த மூன்றும் முடிந்த பிறகே கேம்பெயின் பொத்தானை அழுத்துங்கள்.

நண்பர்களோடு சேர்ந்து ஆடும்போது

இரண்டு மூன்று வீட்டு இயந்திரங்களை இணைத்து ஆடுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் இயந்திரம் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், கூட்டத்தில் மிக மெதுவான இயந்திரத்தின் கதிக்கே போர் நகரும். வியாசர்பாடி நண்பனின் பழைய மடிக்கணினி லார்ஜைத்தான் தாங்கும் என்றால் எல்லோரும் லார்ஜ் வையுங்கள். போட்டிக்கு முன் எல்லா இயந்திரங்களிலும் விளையாட்டின் பதிப்பு எண் ஒன்றாக இருக்கிறதா, ஒரே மாட் ஏற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒத்துப்போகவில்லை என்றால் யூனிட் அளவை எவ்வளவு குறைத்தாலும் இணைப்பு நிற்காது.